காயிலுக்குக் கரண்ட் வருகிறதா? பி.டி.ஓ. மின்பழுதைத் தேடும் வழிகள் பற்றி ஓர் ஆய்வு

டிப்பர் லாரியின் பெட்டி எழவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் எழும் கேள்வி, "காயிலுக்குக் கரண்ட் வருதா?" என்பதுதான். கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் இதற்குப் பதில் காண வாகன மின்பணியாளர்கள் தலைமுறைக்கு ஒரு கருவியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். முதலில் பல்பு வந்தது, பிறகு மீட்டர், அதன்பின் ஸ்கேனர். பின்னால் வந்த ஒவ்வொன்றும் முன்னதன் குறை ஒன்றைத் தீர்த்துவைத்தது; முன்னது எளிதாகக் கண்டுபிடித்த ஏதோ ஒன்றைத் தவறவும் விட்டது. இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே சறுக்குகின்றன, இரண்டு பருவமழையும் கடல் உப்பும் சேர்ந்து தாக்கும் குமரி மாவட்டத்தில் எது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை இங்கே பார்க்கலாம். கட்டுரையின் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி பழையதா புதியதா என்பதைவிட, சோதிக்கும் நேரத்தில் அந்த ஒயரில் எவ்வளவு ஆம்ப் ஓடுகிறது என்பதே ஒரு முறையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

பி.டி.ஓ.வுக்குள் மின்சாரம் எங்கே நுழைகிறது

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்கு அல்லாமல் வேறொரு வேலைக்குத் திருப்பிவிடும் அமைப்பே பி.டி.ஓ. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918இல் இதை விற்பனை டிராக்டரில் பொருத்தியது. பின்னால் நிலைபெற்ற நிமிடத்துக்கு 540 சுற்று என்ற அளவு இன்றும் ரொட்டவேட்டர் ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த எண். அந்தக் காலத்துப் பி.டி.ஓ.வில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. லீவரைத் தள்ளினால் பல்சக்கரம் சேரும். நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தொளி அடிக்கும் டிராக்டர்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் லீவர் வகைதான். அவற்றில் வோல்ட்டேஜ் பழுது வேறொரு வாசல் வழியாக வருகிறது. பல மாடல்களில் பி.டி.ஓ. லீவரின் அடியில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. பி.டி.ஓ. போட்டிருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முடியாதபடி செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சிறிய ஒயரை அது வெட்டிவிடும். சேறும் தண்ணீரும் புகுந்து அந்த சுவிட்சின் முனைகள் கறுத்துவிட்டால், லீவர் நியூட்ரலில் இருந்தும் செல்ஃப் அடிக்காது. பழி பேட்டரி மேல் விழும்.

மின்சாரம் நேரடியாக ஆட்சி செய்வது லாரிகளில். டிப்பர், செப்டிக் டேங்க் கழிவு உறிஞ்சும் லாரி, தீயணைப்பு வண்டி, குப்பையை அமுக்கும் நகராட்சி வண்டி எல்லாவற்றிலும் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினைக் கொண்டு பம்ப் ஓட்ட வேண்டியிருக்கிறது. டிப்பரை எடுத்துக்கொள்வோம். டிரைவர் கிளட்சை மிதித்து டாஷ்போர்டில் பி.டி.ஓ. சுவிட்சைத் தட்டுகிறார். ஃபியூஸ், சுவிட்ச், சில வண்டிகளில் ஒரு ரிலே ஆகியவற்றைக் கடந்து மின்சாரம் சேசிஸில் உள்ள சொலினாய்டு வால்வின் காயிலுக்குப் போகிறது. காயில் இழுத்ததும் ஏர் டேங்க்கின் காற்று பி.டி.ஓ. சிலிண்டருக்குள் பாய்ந்து கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் பல்சக்கரத்தைச் சேர்க்கிறது. ஹைட்ராலிக் பம்ப் சுழல்கிறது. சேர்ந்துவிட்டது என்று டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த விளக்கை எரியவைப்பது பி.டி.ஓ.வின் மேலிருக்கும் வேறொரு சுவிட்ச், வேறொரு ஒயர். காயில் நன்றாக இருந்தும் விளக்கு எரியாமல் போகலாம். விளக்கு எரிந்தும் பம்ப் சுழலாமல் இருக்கலாம். விளக்கை மட்டும் பார்த்துக் காயிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இரண்டு தனித்தனிச் சுற்றுகளை ஒன்றாக எண்ணுவதாகும்.

பல்பு காட்டிய வழி

இரண்டு ஒயர், ஒரு ஹோல்டர், ஒரு பல்பு. வாகனத்தில் மின்சாரம் வந்த நாள்தொட்டு இருக்கும் சோதனைக் கருவி இது. இன்றைக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியனின் தோள்பையில் முதலில் கைக்குத் தட்டுப்படுவது டெஸ்ட் லாம்ப்தான். எரிந்தால் கரண்ட் உண்டு, எரியாவிட்டால் இல்லை. எத்தனை வோல்ட் என்று அது சொல்லாது என்பதே அதன் மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் அளவு சொல்லாத இந்தக் கருவிக்கு, அளவு சொல்லும் பல கருவிகளிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. எரிய வேண்டுமென்றால் அது கரண்ட்டை இழுத்தாக வேண்டும்.

கணக்காகப் பார்ப்போம். 24 வோல்ட் லாரியில் 18 வாட் காயில் ஒன்று 0.75 ஆம்ப் எடுக்கும். அதன் மின்தடை 32 ஓம். வழியில் ஒரு கப்ளரின் பின் பச்சைக் களிம்பு பிடித்து 10 ஓம் தடையாக நிற்கிறது என்று கொள்வோம். காயில் இணைந்திருக்கும்போது அதற்குக் கிடைப்பது சுமார் 18.3 வோல்ட், மீதி 5.7 வோல்ட்டைக் களிம்பு விழுங்கிவிடுகிறது. காயிலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் பிடித்தால், அதுவும் ஏறக்குறைய காயில் அளவே கரண்ட் இழுப்பதால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அனுபவமுள்ள கண் அந்த மங்கலைத் தவறவிடாது. அதே இடத்தில் 5 வாட் பார்க்கிங் பல்பைப் பிடித்தால் அதற்கு 22 வோல்ட் கிடைக்கும்; மங்கல் கண்ணில் படாது. எல்.இ.டி. வைத்த டெஸ்ட் லாம்ப் சில மில்லி ஆம்ப் மட்டுமே இழுப்பதால் பளிச்சென்று எரியும்; பழுதைப் பற்றி எதுவும் சொல்லாது. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் மூன்று டெஸ்ட் லாம்ப்கள் மூன்று வெவ்வேறு சோதனைகளைச் செய்கின்றன. பழைய மெக்கானிக்குகள் பெரிய பல்பை விரும்பியதற்கு அவர்கள் என்ன காரணம் சொல்லியிருந்தாலும், இயற்பியல் அவர்கள் பக்கம் நின்றது.

பல்பு வழியின் உண்மையான பலவீனம் பின்னால் வந்தது. குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையின் தடை, எரியும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே தொட்ட கணத்தில் 21 வாட் பல்பு சுமார் 9 ஆம்ப் வரை இழுக்கக்கூடும். ஃபியூசும் சுவிட்சும் ஆளும் பழைய சுற்றில் இதனால் தீங்கில்லை. கம்ப்யூட்டர் யூனிட்டின் உள்ளிருந்து நேரே வரும் ஒயரிலும், 5 வோல்ட் சென்சார் ஒயரிலும் அதே பல்பைத் தொட்டால் பழுதில்லாத ஒன்றைப் பழுதாக்கிவிடும் அபாயம் உண்டு.

மீட்டரின் வாக்குறுதி

பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெகாடியின் யோசனையில் பிறந்த ஆவோமீட்டர் 1923இல் சந்தைக்கு வந்தது. ஆம்ப், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கலாம் என்பதே அதன் புதுமை. 1970களின் பிற்பகுதியில் கைக்கடக்கமான டிஜிட்டல் மீட்டர்கள் பரவின. இன்று சில நூறு ரூபாய்க்கு நாகர்கோவிலில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். எண் தெளிவாகத் தெரிகிறது. யூகத்துக்கு இடமில்லை என்று தோன்றுகிறது.

சிக்கல் இந்தத் தெளிவிலேயே ஒளிந்திருக்கிறது. சோதிக்கும் சுற்றைத் தொந்தரவு செய்யாமல் அளக்க வேண்டும் என்பது மீட்டர் வடிவமைப்பாளரின் இலக்கு. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். மேலே சொன்ன அதே களிம்பு பிடித்த ஒயரில் காயிலைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால், அந்த 10 ஓம் தடையில் இழக்கப்படுவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் 24 பங்கு. திரையில் 24.0 என்று சுத்தமாகத் தெரியும். இருபது இழைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும் ஒயரிலும் இதே எண்தான் தெரியும். "வோல்ட் முழுசா வருது, காயில்தான் அவுட்" என்ற முடிவு இங்கே பிறக்கிறது. புதுக் காயில் வாங்கப்படுகிறது, அதுவும் இழுக்கவில்லை. மீட்டர் சொன்னது பொய்யில்லை; அந்த ஒயரில் கரண்ட் ஓடாதபோது நிலைமை அதுதான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததே பிழை.

ஓம் அளவையில் வைத்து ஒயரைச் சோதிக்கும் பழக்கத்துக்கும் இது பொருந்தும். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. ஒற்றை இழையில் தொங்கும் ஒயரும் அதற்கு நல்ல ஒயரே. பீப் சத்தம் கேட்டதும் 'கன்டினியூட்டி இருக்கு' என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறோம். முழுவதுமாக அறுந்த ஒயரைக் கண்டுபிடிக்க பீப் போதும். பாதி அறுந்த ஒயருக்கு அது உதவாது.

இழப்பை அளப்பது

மூன்றாவது வழி கருவியை மாற்றவில்லை. அளக்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றியது. ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியும், கிர்க்காஃப் 1845இல் சேர்த்த விதிகளும் இதன் அடித்தளம். ஒரு சுற்றில் பேட்டரி தரும் வோல்ட் முழுவதும் எங்காவது செலவாகித்தான் ஆக வேண்டும். காயிலில் செலவாவது வேலை. வேறெங்கு செலவானாலும் இழப்பு. ஆகவே காயிலைக் கழற்றாமல் சுவிட்சைப் போட்டு, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் காயிலின் பாசிட்டிவ் பின்னுக்கும் இடையே மீட்டரை வைக்க வேண்டும். அதே போல் காயிலின் நெகட்டிவ் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வைக்க வேண்டும். முதல் அளவு 0.3 என்றும் இரண்டாவது 5.4 என்றும் வந்தால், சுவிட்ச், ஃபியூஸ், ரிலே எதையும் தொட வேண்டியதில்லை. பழுது எர்த் பக்கம். மீட்டரின் ஒரு முனையை லக், போல்ட், சேசிஸ் என்று ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டிவைத்துக்கொண்டே போனால், எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அதுவே குற்றவாளி. மற்ற எந்த முறையும் பழுதை இவ்வளவு நெருக்கமாகச் சுட்டிக்காட்டுவதில்லை.

பணிமனைகளில் இதற்கென்று கட்டைவிரல் விதிகள் புழங்குகின்றன: ஓர் இணைப்பில் 0.1 வோல்ட், ஒரு பக்கம் முழுவதற்கும் அரை வோல்ட்டுக்குள் என்பது போல. அவற்றை மனப்பாடமாகப் பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரே தடை எல்லாச் சுமைக்கும் ஒரே தீங்கைச் செய்வதில்லை. மேற்சொன்ன 32 ஓம் காயிலுக்கு வழியில் 1 ஓம் இருந்தால் அது கவனிக்கவே தேவையில்லாத இழப்பு. 12 வோல்ட்டில் 4 ஆம்ப் எடுக்கும் மின்காந்தக் கிளட்ச் வகைப் பி.டி.ஓ.வின் தடை 3 ஓம்தான். அங்கே அதே 1 ஓம் நாலில் ஒரு பங்கைப் பறித்து 9 வோல்ட் மட்டுமே விட்டுவைக்கும். கிளட்ச் வழுக்கும், சூடேறும், தேயும். காற்றால் இயங்கும் டிப்பரில் பிழைத்துப்போகும் இணைப்பு, மின்காந்தக் கிளட்சில் வண்டியை நிறுத்திவிடும். எவ்வளவு இழப்பு தாங்கும் என்பதை அந்தந்தச் சுமையின் ஆம்ப் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

'காலையில் வேலை செய்யுது, மத்தியானம் வேலை செய்யல' என்ற புகாரையும் இந்த வழியே நன்றாக விளக்குகிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 32 ஓம் இருந்த காயில், கியர்பாக்ஸின் சூட்டிலும் தன் சூட்டிலும் 85 டிகிரியை எட்டும்போது 40 ஓம் ஆகிவிடும். களிம்பின் 10 ஓமும் சேர்ந்தால் கரண்ட் 0.75 ஆம்ப்பிலிருந்து 0.48க்கு இறங்குகிறது. ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருக்கும் பிளஞ்சரைத் தொடர்ந்து பிடித்திருக்க அது போதும், ஏனென்றால் காற்றிடைவெளி மூடியபின் குறைந்த காந்தவிசையே வேண்டும். விட்டுவிட்டால் மறுபடி இழுக்க அது போதாது. முதல் லோடு தட்டிய டிப்பர் மூன்றாவது லோடில் மறுப்பதற்கும், ஒர்க்‌ஷாப் வந்து ஆறியதும் 'நல்லாத்தானே இருக்கு' என்று டிரைவர் மேல் பழி விழுவதற்கும் இதுவே பல நேரங்களில் காரணமாக இருக்கலாம். அந்த டிரைவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மையான பழுது.

உப்பும் எர்த்தும்

பொதுவான பாடநூல்கள் பாசிட்டிவ் பக்கத்துக்கே அதிக இடம் ஒதுக்குகின்றன. குமரி மாவட்டத்தில் அந்த வரிசையைத் திருப்பிப்போட நியாயமான காரணம் இருக்கிறது. இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சேசிஸ் முழுக்கக் காய்ந்திருக்கும் மாதங்கள் குறைவு. மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுகளும் கல்சுவர்களும் கட்டப்படுகின்றன. அதற்குரிய பாறாங்கற்களை டிப்பர்கள் அலையின் விளிம்பு வரை கொண்டுபோய்க் கொட்டுகின்றன. பெட்டி எழுந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் உப்புச்சாரல் நேரே படுவது சேசிஸின் மேல்புறத்தில், அதாவது சொலினாய்டு வால்வும் அதன் எர்த் லக்கும் இருக்கும் இடத்தில். பாசிட்டிவ் ஒயருக்கு உறை உண்டு, கப்ளருக்கு ரப்பர் சீல் உண்டு. எர்த் லக் பெரும்பாலும் திறந்த வெளியில், பெயின்ட் அடித்த இரும்பின் மேல், ஒரு போல்ட்டின் இறுக்கத்தை மட்டும் நம்பி நிற்கிறது. செம்பு, தகர முலாம், இரும்பு என்று வெவ்வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டால் அவற்றுக்கிடையே தானாகவே ஒரு சிறு மின்கலம் உருவாகி இரும்பை அரிக்கும். லக்கின் மேல்புறம் பளபளப்பாக இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் அடியில் செம்மண் நிறத்தில் துரு மாவாகக் கொட்டும். உறைக்குள் ஏறிய உப்புநீர் ஒயரைப் பல அங்குலம் கறுக்க வைத்திருப்பதும் உண்டு. வெட்டிப் பார்க்காமல் அது வெளியே தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எர்த்தை முதலில் சந்தேகிப்பது நல்ல தொடக்கம். எர்த் என்றே முடிவுகட்டிவிடுவது வேறு. புதிதாக ஓர் எர்த் ஒயரை இழுத்துக் கட்டிவிட்டால் பழுது தீர்ந்தது போலத் தோன்றும், தீரவும் செய்யலாம். ஆனால் பழைய பாதையில் தடை ஏன் வந்தது என்று அளந்து பார்க்காவிட்டால், அதே பாதையை நம்பியிருக்கும் டெயில் லைட்டும் சென்சார்களும் அடுத்து வரிசையில் நிற்கும்.

பேட்டரியின் பக்கமும் ஒரு பழக்கம் சேர்ந்து குழப்புகிறது. 24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். பாட்டுப் பெட்டிக்கும் அலங்கார விளக்குக்கும் அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிடுவது பரவலான வழக்கம். அந்த ஒன்று எப்போதும் குறை சார்ஜில், மற்றது எப்போதும் மிகை சார்ஜில் இருக்கும். டைனமோ ஓடும்போது மொத்தம் 28 வோல்ட் சரியாகவே தெரியும். எஞ்சினை ஐடிலில் விட்டு எல்லாச் சுமையையும் போடும்போதுதான் தொகை சரிகிறது. இரண்டு பேட்டரியையும் தனித்தனியே, சுமை இருக்கும்போது அளக்காத வரை இந்தப் பழுது பி.டி.ஓ.வின் பழுதாகவே தெரியும்.

ஸ்கேனர் வந்த பிறகு

வாகனத்தின் கம்ப்யூட்டர் யூனிட்டுகளைத் தமக்குள் பேசவைக்கும் கேன் இணைப்பை பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகம் செய்தது. கனரக வாகனங்களுக்கு அதன் மேல் ஜே1939 என்ற பொது மொழி எழுந்தது. இந்தியாவில் பி.எஸ். 4 விதி நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும், பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தபின், கம்ப்யூட்டர் யூனிட் இல்லாத புது லாரி இல்லை என்றாகிவிட்டது. ஜே1939 மொழியில் பழுதின் வகைக்கு ஓர் எண் உண்டு. 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் சுற்று திறந்திருக்கிறது அல்லது கரண்ட் குறைவு, 6 என்றால் கரண்ட் மிகுதி. ஸ்கேனரைச் செருகினால் எந்தச் சுற்று, எந்த வகை என்று வந்து விழுகிறது. தேடலை இருபது இடத்திலிருந்து இரண்டு இடத்துக்குச் சுருக்கித் தருவது சாதாரண உதவியில்லை. வண்டி நிற்காமலும் கியர் நியூட்ரலுக்கு வராமலும் இருப்பதால்தான் யூனிட் பி.டி.ஓ.வை அனுமதிக்கவில்லை என்பதைக் காட்டித் தருவதும் ஸ்கேனர்தான். அங்கே பழுதே இல்லை. மீட்டரோடு மணிக்கணக்கில் அலைந்திருந்தால் அது தெரிந்திருக்காது.

ஆனாலும் யூனிட் பார்ப்பது தன் பின்களில் நடப்பதை மட்டுமே. அதற்கு அப்பால் பத்து மீட்டர் ஒயரில் எந்த இடம் என்று அதற்குத் தெரியாது. காயில் அறுந்திருக்கிறதா என்று அறிய, பல வடிவமைப்புகளில் யூனிட் மிகச் சிறிய கரண்ட்டைத்தான் அனுப்பிப் பார்க்கிறது. முழுதும் அறுந்தாலும் ஷார்ட் ஆனாலும் பிடிக்கும். 32 ஓம் 42 ஆனதை அது பழுதாகக் கருதாமல் விட வாய்ப்பு அதிகம். கோட் இல்லை, பழுது இருக்கிறது என்ற நிலை இப்படி உருவாகிறது. பழைய மீட்டரைக் கழற்றிய ஒயரில் வைத்து ஏமாந்த அதே ஏமாற்றம் இங்கே மென்பொருளின் உருவில் திரும்பி வருகிறது. இன்னொரு தடையும் உண்டு. பெட்டியையும் பம்ப்பையும் பல நேரங்களில் பாடி பில்டர் பொருத்துகிறார். அவர் இழுத்த ஒயர் லாரி நிறுவனத்தின் வரைபடத்திலும் இல்லை, யூனிட்டின் பார்வையிலும் இல்லை.

மாற்றிப் பார்ப்பதும் மற்ற எதிர்வாதங்களும்

அளப்பதில் நேரம் செலவழிப்பதைவிட ரிலேயை மாற்றிப் பார், காயிலை மாற்றிப் பார் என்பது ஒரு வலுவான நடைமுறைக் கட்சி. வண்டி நின்றால் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது என்பதால் இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. விலை குறைந்த, செருகினால் போதுமான பொருளுக்கு இது சரியான வழியும்கூட. ஆனால் இதில் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. கப்ளரைப் பிடுங்கி மறுபடி செருகும்போதே பின்கள் உரசிச் சுத்தமாகின்றன. புதுக் காயில் போட்டதும் வேலை செய்தால், தீர்த்தது காயிலா, செருகலா என்று யாருக்குத் தெரியும்? சில வாரத்தில் அதே பழுது திரும்பினால் 'டூப்ளிகேட் காயில்' என்று கடைக்காரர் மேல் குற்றம் போகிறது. கழற்றுவதற்கு முன் ஒருமுறை இழப்பை அளந்திருந்தால் இந்த ஐயம் எழாது. ஒயரிங் முழுவதையும் மாற்றிவிடும் முடிவுக்கு வருமுன்பாவது அந்த அளவீடு கட்டாயம் வேண்டும்.

கரண்ட் ஓடும்போது அளப்பது ஆபத்து என்பது கனமான எதிர்வாதம். 540 சுற்று என்றால் நொடிக்கு 9 முறை. துண்டோ சட்டை நுனியோ ஷாஃப்ட்டில் மாட்டினால் கையை இழுக்க நேரம் கிடைக்காது. தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டுக்கொடுக்காமல் தலை நுழைப்பதும் உயிரைப் பணயம் வைப்பதே. எந்த அளவீடும் இதற்கு ஈடாகாது. ஆனால் காயிலைச் சோதிக்க ஷாஃப்ட் சுற்ற வேண்டியதில்லை. சாதாரண சுவிட்ச் வகை வண்டிகளில் பெட்டியைக் கீழே இறக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்தாலே காயிலுக்குக் கரண்ட் வரும். 'டக்' என்ற சத்தம் கேட்கும். எஞ்சின் ஓடினால்தான் அனுமதிக்கும் யூனிட் வகையில், காயிலின் கப்ளரைக் கழற்றி அதன் இடத்தில் 33 ஓம், 25 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைச் சிறிது நேரம் இணைக்கலாம். வால்வு திறக்காது, ஷாஃப்ட் சுற்றாது, ஆனால் காயிலுக்கு நிகரான கரண்ட் ஓடும். பல்பைப் போலத் தொட்ட கணத்தில் பத்து மடங்கு இழுக்கும் குணமும் அதற்கில்லை. பல்பின் பலத்தையும் மீட்டரின் துல்லியத்தையும் யூனிட்டுக்குத் தீங்கில்லாமல் சேர்த்துத் தரும் இந்தச் சிறு பொருள் இன்னும் பரவலாகாதது எனக்கு வருத்தமே.

இன்னும் தீராதவை

இதுவரை பார்த்ததிலிருந்து, நிலையாக நிற்கும் பழுதுக்குச் சுமையோடு இழப்பை அளப்பதே மிக நம்பகமான வழி என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஸ்கேனர் எங்கே தொடங்குவது என்று காட்டுகிறது. பெரிய பல்பு, பழைய வகைச் சுற்றில் மட்டும், விரைவான முதல் பதிலைத் தருகிறது. கழற்றிய ஒயரில் எடுத்த மீட்டர் அளவு, ஒயர் முழுவதும் அறுந்ததா என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை.

வந்து வந்து போகும் பழுதுக்கு இதே உறுதி கிடையாது. கேபினைத் தூக்கும் மூட்டில் வளைந்து வளைந்து இழை அறுந்த ஒயர், மேடு பள்ளத்தில் மட்டும் விடும். வண்டி ஷெட்டில் நிற்கும்போது எந்தக் கருவிக்கும் அகப்படாது. ஓட்டத்திலேயே இழப்பைப் பதிவு செய்யும் கருவிகள் இருக்கின்றன. சிறிய ஒர்க்‌ஷாப்பின் வருமானத்துக்குள் அவை எப்போது வரும் என்பது திறந்த கேள்வி. யூனிட் காயிலுக்குத் தொடர் கரண்ட் தராமல் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை விட்டுவிட்டுத் தரும் வடிவமைப்பில் சாதாரண மீட்டர் சராசரியை மட்டும் காட்டும். 12 வோல்ட் என்று தெரிவது பழுதா, வடிவமைப்பா என்று அந்த எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. அங்கே ஆசிலோஸ்கோப் தேவைப்படும், இழப்பு பற்றிய மேற்சொன்ன எளிய கணக்கும் திருத்தப்பட வேண்டியிருக்கும். பாடி பில்டரின் ஒயரிங்குக்கு ஒரு வரைபடம் எழுதி வண்டியோடு தருவது தொழில்நுட்பத்தில் கடினமான காரியமில்லை. அதை யார் கட்டாயமாக்குவது, யார் வைத்துக் காப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. மின்கலத்தில் ஓடும் லாரிகளில் பம்ப்பையே பல நூறு வோல்ட் மோட்டார் ஓட்டும்போது, டெஸ்ட் லாம்ப்பும் வெறும் கையும் அந்தப் பக்கமே போகக்கூடாது. அங்கும் காயிலையும் ரிலேயையும் இயக்கும் 12 அல்லது 24 வோல்ட் சுற்று ஒன்று இருக்கும். அதன் எர்த் லக்கும் இதே உப்புக்காற்றில் சேசிஸோடு போல்ட் போட்டுத்தான் இறுக்கப்பட்டிருக்கும்.